மார்கழிச் சேலமும் சித்திரை ஏற்காடும்: பழ ஈக்கு எவ்வளவு உயரம் ஒரு தடை?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவருக்குக் கன்னங்குறிச்சியில் வீடு, கொல்லையில் ஒரு நீலம் மாமரம். ஆனி பிறந்தால் பறிக்கிற பழத்தில் பாதி புழு. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கும் சித்தி வீட்டில் கொய்யா மரங்கள். ஆடி, ஆவணியில் அவற்றிலும் புழு. தை மாதத்தில் தேடினாலும் இல்லை. மலையில் குளிர் என்றால் ஈ எப்படி அங்கே ஏறியது, காரணம் உயரமா, பருவமா, எத்தனை அடிக்கு மேல் ஈ இருக்காது என்று கேட்டிருக்கிறார்.

ஏற்காட்டின் உயரம் பழ ஈயை நிறுத்தாது. அதன் வேகத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும், அவ்வளவுதான். எந்த மாதத்தில் ஈ பெருகும் என்பது வேறு இரண்டைப் பொறுத்தது: மரத்தில் என்ன பழுத்திருக்கிறது, மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது. தெர்மாமீட்டரைப் பார்த்து ஈயின் வரவைக் கணிக்க முயன்றவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். நானும் சில வருடங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

எந்த ஈயைப் பேசுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். பழ ஈ என்ற பெயரில் நம் ஊரில் இரண்டு வேறு பூச்சிகள் உலவுகின்றன. பழக்கூடையில் கனிந்து கறுத்த வாழைப்பழத்தின் மேல் வட்டமிடும் சிவந்த கண் பொடி ஈ ஒன்று. இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் நீளம்தான். பள்ளிப் பாடப்புத்தகத்தில் டிரோசோபிலா என்று படித்திருப்பீர்கள். அழுகத் தொடங்கிய பழத்தில்தான் அது முட்டையிடும். நல்ல காயைத் துளைக்க அதற்கு வக்கில்லை. மற்றது வீட்டு ஈயைவிடச் சற்றே பெரிது. பழுப்பும் மஞ்சளுமாக, முதல் பார்வைக்குக் குளவி போல இருக்கும். பெண் ஈயின் வால் நுனியில் ஊசி போன்ற உறுப்பு உண்டு. மரத்தில் இருக்கும் செங்காயின் தோலைக் குத்தி உள்ளே முட்டையிடுவது இதுதான். அறிவியல் பெயர் பாக்ட்ரோசெரா. இந்த வகையில் டார்சாலிஸ் என்ற இனம் மாவையும் கொய்யாவையும் சேர்த்தே கெடுக்கும். கரெக்டா என்ற இனம் கொய்யாவில் அதிகம். பாகல், புடலையில் புழு வைப்பது இவற்றின் உறவுக்கார இனம், அது வேறு. இன்னொன்று: மல்கோவாவை அறுத்ததும் கொட்டைக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று நடந்து வருகிறதே, அது மாங்கொட்டை வண்டு. அந்தப் பழியை ஈயின் மேல் போட வேண்டாம்.

சித்தி வீட்டுக் கொய்யா ஒன்றை ஆவணியில் கையில் எடுத்துப் பாருங்கள். தோலில் குண்டூசி குத்தியது போல ஒரு புள்ளி, அதைச் சுற்றிப் பழுப்பேறிய சிறு வட்டம். அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் கொழகொழவென்று உள்ளே போகும். அறுத்து ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துக் காத்திருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு சதை அசையும். அரிசி நிறத்தில், தலைப்பக்கம் கூர்ந்து வால்பக்கம் மழுங்கிய புழுக்கள் வெளியே வரும். முற்றிய புழு தலையையும் வாலையும் வளைத்துச் சேர்த்து, விட்ட வில் போலத் துள்ளித் தட்டை விட்டே வெளியே விழும். இந்தத் துள்ளல் வேடிக்கைக்கு அன்று. பழத்தை விட்டு விலகி மண்ணைத் தேடிப் போகும் பயணம் அது. மண்ணுக்குள் இரண்டு, மூன்று விரற்கடை ஆழத்தில் புகுந்து கூட்டுப்புழுவாகும். பார்க்கக் கோதுமை மணி போல இருக்கும். அதிலிருந்து ஈ வெளிவந்து, ஒன்றிரண்டு வாரம் தின்று முதிர்ந்து, துணை சேர்ந்து, திரும்பவும் ஒரு செங்காயைக் குத்தும்.

இந்தச் சுற்று எவ்வளவு நாளில் முடிகிறது என்பதில்தான் உயரம் கை வைக்கிறது. பூச்சியின் உடம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. சுற்றியுள்ள சூடுதான் அதன் கடிகாரத்துக்குச் சாவி. டார்சாலிஸ் இனத்துக்கு ஏறக்குறைய 12 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு டிகிரியும் வரவில் சேரும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் போல. ஏற்காடு 1,500 மீட்டர் போல. 150 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஆக, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்கும்போது எட்டு டிகிரி இறங்கியிருக்கும். சேலத்தில் நாள் சராசரி 28 என்றால் மேலே 20. இப்போது 12-ஐக் கழியுங்கள். சேலத்து ஈயின் கணக்கில் நாளொன்றுக்கு 16 வரவு. ஏற்காட்டு ஈக்கு 8. சரிபாதி. முட்டை ஈயாவதற்குக் கீழே மூன்று வாரம் என்றால் மேலே ஆறு வாரம். முதிர்வதற்கான நாளையும் கூட்டினால் ஒரு தலைமுறைக்குக் கீழே ஒரு மாதம், மேலே இரண்டு மாதம்.

வித்தியாசம் இதுதானா என்று தோன்றும். வட்டிக்குக் கடன் வாங்கியவர்களுக்குத்தான் இதன் கனம் புரியும். ஒரு பெண் ஈ தன் ஆயுளில் ஆயிரம் முட்டைக்கு மேலும் இடக்கூடியது. பறவை, எறும்பு, குளவி, வெயில், மழை எல்லாம் தின்றதும் கொன்றதும் போகப் பேச்சுக்கு ஒன்று பத்தாகிறது என்று வைத்துக்கொள்வோம். வைகாசி முதல் ஆவணி வரை நான்கு மாதம். சேலத்தில் நான்கு தலைமுறை: ஒன்று பத்தாயிரமாகும். ஏற்காட்டில் இரண்டு தலைமுறை: ஒன்று நூறாகும். வேகம் பாதிதான், கூட்டம் நூற்றில் ஒரு பங்கு. உங்கள் நீலத்தில் பாதிப் பழம் போவதற்கும், சித்தி பத்துக்கு இரண்டு கொய்யாவைக் கழித்துவிட்டு மற்றதை ஊருக்குக் கொடுத்தனுப்புவதற்கும் நடுவே நிற்பது இந்தக் கூட்டு வட்டிதான்.

ஆனால் சூடு ஏற ஏற ஈக்குக் கொண்டாட்டம் என்றும் நினைத்துவிடக் கூடாது. 35 டிகிரியைத் தாண்டினால் முட்டையும் இளம்புழுவும் சாகத் தொடங்கும். மண் காய்ந்து பொடியாகிவிட்டால் கூட்டுப்புழு உள்ளேயே வற்றிப்போகும். தப்பி வெளிவரும் ஈ இறக்கையை விரிக்க முடியாமல் முடங்கும். சேலத்துக் கத்திரி வெயில் இந்த வேலையை நன்றாகவே செய்கிறது. மழை தவறிய வருடத்தில் சித்திரை மாம்பழம் ஓரளவு சுத்தமாக வருவதற்கும், கோடை மழை இரண்டு உழவுக்குப் பெய்த வருடத்தில் வைகாசி முடிவதற்குள்ளேயே குத்தகைதாரர்கள் தலையில் கை வைப்பதற்கும் இதுதான் காரணம். அதே சித்திரையில் ஏற்காட்டில் பகல் 29 போல, இரவு 18, 19 போல. காப்பித் தோட்ட நிழல், அவ்வப்போது இடி மழை, காலையில் மூடுபனி, எப்போதும் கொஞ்சம் ஈரமான மண். மனிதர்கள் மட்டுமா கோடைக்கு ஏற்காட்டை விரும்புவார்கள்?

பருவக் கணக்கைச் சேலம் பக்கத்திலிருந்து பார்ப்போம். மாசி, பங்குனியில் மா பூவும் பிஞ்சுமாக இருக்கிறது. ஈக்கு அதில் வேலையில்லை. சப்போட்டா, மிச்சம் மீதிக் கொய்யா என்று அங்கங்கே ஒட்டிக்கொண்டு காலம் தள்ளும். சித்திரையில் முதல் மாங்காய் செங்காயாகிறது. வைகாசியில் மழையும் பழமும் ஒன்றாகச் சேர்கின்றன. ஆனி, ஆடியில் உச்சம். அதனால்தான் முந்திப் பழுக்கும் செந்தூரா பெரும்பாலும் தப்பிக்கிறது, பிந்திப் பழுக்கும் நீலம் மாட்டிக்கொள்கிறது. நீலத்தின் தோலிலோ சுவையிலோ குற்றமில்லை. முன்னால் பழுத்த ரகங்களில் எல்லாம் வளர்ந்த ஈக்கூட்டம் மொத்தமும் அது பழுக்கும் நேரத்தில் வந்து சேர்கிறது. பந்தியில் கடைசி இலைக்கு நேருவதுதான். மா முடிந்ததும் மழைக்காலக் கொய்யாவுக்கு மாறும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை மண்ணை ஊற வைத்துக் கூட்டுப்புழுக்களை மூழ்கடிக்கும். மார்கழி, தையில் கூட்டம் அடங்கிவிடும். குளிர்காலக் கொய்யாவில் புழு குறைவு, மழைக்காலக் கொய்யாவில் அதிகம் என்பது மலையிலும் சமவெளியிலும் ஒன்றே. சித்தி சொல்வது சரி.

மேலே வரிசை வேறு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மா பெரிய பயிர் அன்று. பலா, கொய்யா, பேரிக்காய், நாவல், ஆரஞ்சு, காப்பி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பி வைக்கத் தொடங்கிய நாளிலிருந்து, மலை முழுக்க ஒன்று மாற்றி ஒன்று பழுக்கும்படி நாமே ஏற்பாடு செய்துவிட்டோம். ஆடி, ஆவணியில் பேரிக்காயும் கொய்யாவும், மழை ஓய்ந்த பின் ஆரஞ்சு, அதோடு காப்பிப் பழம். சமவெளியில் ஈயின் பெருக்கம் ஒரு கூர்மையான முகடு. ஆனியில் ஏறி, கார்த்திகையில் இறங்கிவிடும். மலையில் அது தாழ்ந்த, நீண்ட மேடு. உச்சமும் ஒரு மாதம் பிந்தி வரும். மார்கழி, தையில் ஏற்காட்டின் நாள் சராசரி 17, 18 ஆகிவிடும். முட்டை ஈயாவதற்கு அறுபது நாள் போலப் பிடிக்கும். புதுத் தலைமுறை வருவது ஏறக்குறைய நின்றுபோகும்.

ஈ செத்துவிட்டது என்று மட்டும் எண்ண வேண்டாம். இந்த இடத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். சூட்டில் ஒன்று முதல் மூன்று மாதம் வாழும் இந்த ஈ, குளிரில் பல மாதம் கிடக்கும். குளிர்ந்த இடத்தில் ஒரு வருடம் வரைகூடத் தாங்கியிருக்கிறது. அடர்ந்த இலைகளின் அடியில், காப்பிச் செடியின் நிழலில், முட்டையும் இடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். பழத்தில் புழு இல்லாத தை மாதத்திலும் தோட்டத்தில் ஈ இருக்கிறது. பங்குனியில் சூடு ஏறியதும் முதல் முட்டையை இடப்போவது இந்தக் கிழட்டு ஈக்கள்தாம்.

வெப்ப மண்டல மலைகளுக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1967-இல் டேனியல் ஜேன்சன் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஒரு வாதத்தை வைத்தார்: ஒரே உயரமுள்ள மலை, குளிர்நாட்டில் இருப்பதைவிட வெப்ப நாட்டில் உயிர்களுக்கு அதிக உயரமானது. கேட்டால் விடுகதை போல இருக்கும். குளிர்நாட்டில் அடிவாரத்துப் பூச்சி ஒரே வருடத்தில் கடுங்குளிரையும் கோடையையும் பார்த்துவிடுகிறது. மலை உச்சியின் கோடை அதற்குப் புதிதில்லை. அதைவிடக் குளிரான மாதங்களை வீட்டிலேயே கண்டது. நம் பக்கம் அப்படியில்லை. வருடம் முழுக்க அடிவாரம் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கிறது, உச்சி ஏறக்குறைய ஒரே குளிரில் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான நாட்கள் குறைவு. ஆகவே கீழே வாழ்வது கீழேயே பழகிக்கொள்கிறது, மேலே வாழ்வது மேலேயே.

நம் மலைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு சுவையான முடிவு வருகிறது. மார்கழியில் சேலத்தின் சராசரி என்ன? 24, 25. சித்திரையில் ஏற்காட்டின் சராசரி? அதே 24-ஐ ஒட்டித்தான். ஊரின் குளிர்காலமும் மலையின் கோடையும் ஒரு நூலிழையில் தொட்டுக்கொள்கின்றன. மார்கழிச் சேலத்தைப் பார்த்த ஈக்குச் சித்திரை ஏற்காடு அந்நியம் இல்லை. மார்கழி ஏற்காடுதான் அதற்கு வெளிநாடு. சேர்வராயன் மலை ஈக்குப் பாதிக் கதவு. கோடையில் திறந்திருக்கிறது, குளிர்காலத்தில் சாத்தியிருக்கிறது.

முழுதும் சாத்திய கதவு வேண்டுமானால் இன்னும் ஏற வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே தை மாதச் சராசரி 12, 13-ஐச் சுற்றி நிற்கிறது. நம் கணக்கில் ஈயின் வரவு பூஜ்யம் அல்லது ஒன்று. அந்த உயரத்தில் கோடையில் ஈ தென்படலாம், ஆனால் குளிர்காலத்தில் முட்டை வளர்வது ஏறக்குறைய நின்றுவிடும். எங்கள் மலையில் மிக உயர்ந்த சேர்வராயன் கோயில் குன்றே 1,600 மீட்டரைக் கொஞ்சம் தாண்டுகிறது. ஈயை நிறுத்தும் உயரம் இங்கே எங்கும் இல்லை.

குளிர் மட்டும் எல்லையை வகுப்பதில்லை, போட்டியும் வகுக்கிறது. ஹவாய்த் தீவுகளின் கதை இதற்கு நல்ல பாடம். அங்கே 1910 வாக்கில் மத்தியதரைக்கடல் பழ ஈ வந்து சேர்ந்தது. கடற்கரையிலிருந்து மலை வரை அதன் ஆட்சிதான். 1945 வாக்கில் நம் டார்சாலிஸ் போய் இறங்கியது. சில வருடங்களில் பழைய ஈயைத் தாழ்வான தோட்டங்களிலிருந்து விரட்டிவிட்டது. விரட்டப்பட்டது எங்கே போனது? குளிர்ந்த மேட்டு நிலத்துக்கும் காப்பித் தோட்டங்களுக்கும். குளிரைச் சற்று அதிகம் தாங்கும் திறன் அதைக் காப்பாற்றியது. தான்சானியாவில் மொரோகோரோ பக்கத்து மலைச்சரிவிலும் இதே காட்சிதான். டார்சாலிஸ் ஆப்பிரிக்காவில் முதலில் கென்யாவில் 2003-இல் கண்டறியப்பட்டது. அது பரவிய பின் தாழ்வான இடங்களை அது பிடித்துக்கொள்ள, உள்ளூர் ஈ உயரமான குளிர்ப்பகுதியில் நிலைத்திருக்கிறது. இதை நான் ஏன் இழுக்கிறேன் என்றால், இந்தியாவில் அந்த மத்தியதரைக்கடல் ஈ குடியேறவில்லை. ஏற்காட்டின் குளிரில் டார்சாலிஸைத் தோளில் கை வைத்துத் தள்ளிவிட மேட்டுக்குடி ஈ எதுவும் இங்கே காத்திருக்கவில்லை. காப்பிப் பழத்தின் சதையிலும் அது வளரும். கொட்டைக்குச் சேதமில்லை என்பதால் காப்பித் தோட்டத்தில் அதை யாரும் கண்டுகொள்வதும் இல்லை.

பொடி ஈயையும் ஒரு பத்தி கவனிப்போம். உயரம், பருவம் பற்றிய ஆராய்ச்சி அதன் மேல்தான் அதிகம். மைசூரின் சாமுண்டி மலையில் 680 மீட்டரிலிருந்து 980 மீட்டர் வரை நான்கு உயரங்களில் ஒரு வருடம் பிடித்துப் பார்த்ததில் இருபது இனங்கள் கிடைத்தன. எல்லா உயரத்திலும் நிறைந்திருந்தவை இரண்டு: நாசூட்டா, மாலேர்கோட்லியானா. இரண்டாவதன் பெயர் பஞ்சாபில் உள்ள மாலேர்கோட்லா ஊரிலிருந்து வந்தது. பருவத்துக்குப் பருவம் எண்ணிக்கை நன்றாகவே மாறியது. யோசித்தால், அந்த 300 மீட்டரில் சூட்டின் வித்தியாசம் இரண்டு டிகிரிதான். அதற்குள் தெரியும் மாற்றத்தை முழுவதும் குளிரின் கணக்கில் எழுதுவது சரியில்லை என்பது என் எண்ணம். மரங்கள் மாறுகின்றன, நிழல் மாறுகிறது, மனிதர் வீசும் குப்பை மாறுகிறது. இமயமலைச் சரிவுகளில் இன்னொன்றைப் பார்த்திருக்கிறார்கள்: ஒரே இனத்து ஈ, மேலே போகப் போக வயிற்றுப் பக்கம் கறுக்கிறது. கறுத்த உடம்பு குளிர் வெயிலில் சீக்கிரம் சூடேறும், ஈரத்தையும் சிக்கனமாகப் பிடித்து வைக்கும்.

சாமுண்டி மலைக் கணக்கைப் படித்த சூட்டில் நானும் மாணவர்கள் சிலரோடு ஏற்காடு மலைப்பாதையில் நான்கு இடங்களில் வாழைப்பழப் புட்டிகளைக் கட்டினேன். மறுநாள் போனால் மூன்று புட்டிகள் காலி. நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு குரங்கு ஒன்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வருட ஆராய்ச்சி அதோடு முடிந்தது. பிறகு கம்பி வலைக்குள் வைத்துப் பழகினோம். கண்ணில் பட்டதைச் சொல்கிறேன், எண்ணிக்கை சொல்லும் அளவுக்கு ஒழுங்காகச் செய்யவில்லை: அடிவாரத்தில் வெயில் காலத்தில் புட்டி வெறிச்சென்று இருந்தது, முதல் மழை கழிந்த பத்தாம் நாள் மொய்த்தது. மேலே காப்பிப் பழம் தோலுரித்த நாட்களில், உரித்த தோல் குவிந்து புளிக்கும் இடத்தருகே கட்டிய புட்டிதான் முந்தியது, குளிர் காலமாக இருந்தும். சூட்டைவிடச் சாப்பாடு பெரிது என்று எனக்கு உறைத்தது அந்தக் குவியலருகே நின்றபோதுதான்.

சரி, ஈ மேலே ஏறியது எப்படி? பறந்தும் ஏறும், பழம் கிடைக்காவிட்டால் பல கிலோமீட்டர் போகக்கூடியது. ஆனால் அதைவிடச் சுலபமான வழியை நாம்தான் வைத்திருக்கிறோம். மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு வரும் கூட்டம் சேலத்து மாம்பழத்தைக் கூடையோடு மேலே கொண்டுபோகிறது. வளைவுகளில் வண்டியை நிறுத்திச் சாப்பிடுகிறார்கள். புழு வைத்த பழத்தை முகம் சுளித்து ஓரத்தில் எறிகிறார்கள். அடிவாரத்திலிருந்து ஈ தானாகப் பறந்து ஏற வேண்டிய உயரத்தைப் புழு ஒரு மணி நேரத்தில் பஸ்ஸில் ஏறிவிடுகிறது, டிக்கெட் எடுக்காமல். நல்ல ஈரமான இலைச்சருகு மண்ணில் வேறு விழுகிறது. ஏற்காட்டில் உச்சம் ஆடிக்குப் பிந்தி வருவதில் இதற்கும் பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

மலைக்குள்ளேயே இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். பள்ளத்துத் தோட்டம் மேட்டுத் தோட்டத்தைவிட இரவில் குளிராக இருக்கும், உயரம் குறைவாக இருந்தும். தெற்கே சேலத்தைப் பார்த்த சரிவு காய்ந்த புதர்க்காடு. உச்சிப் பகுதி நிழலும் ஈரமும். ஆகவே எத்தனை அடி என்று மட்டும் கேட்டுப் பயனில்லை.

இனி என்ன செய்வது. முதல் வேலை, விழுந்த பழத்தைப் பொறுக்குவது. மருந்து கடைக்குப் போவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். தினமும் பொறுக்கி, கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி வெயிலில் ஒரு வாரம் வையுங்கள். அல்லது இரண்டடிக்குக் குறையாத குழியில் போட்டு மண்ணை மிதித்து மூடுங்கள். எருக்குழியின் மேலே வீசினால் புழுவுக்கு நாமே மெத்தை போட்டுக் கொடுத்ததாகும். மரத்தடி மண்ணைக் கோடையில் கொத்திவிடுங்கள். கூட்டுப்புழு வெயிலில் காயும், கோழியும் மைனாவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மாவில் முசுறு எறும்புக் கூடு இருந்தால் கலைக்காதீர்கள். ஏறும்போது கடிக்கும், உண்மைதான். ஆனால் முட்டையிட வரும் ஈயையும் நிம்மதியாக உட்கார விடாது.

கொய்யாவைக் காயிலேயே காகிதப் பை போட்டுக் கட்டலாம். வீட்டு மரத்துக்கு இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியாது. மாவை மரத்தில் பழுக்க விடாமல் முற்றிய காயாகப் பறித்துப் பழுக்க வையுங்கள். ஏற்றுமதிக்குப் போகும் மாவை 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தி எடுக்கிறார்கள். உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் செத்துவிடும். 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தை நிறுத்தி வைத்தது பழ ஈயால்தான், அடுத்த வருடம் மறுபடி அனுமதித்தது.

பொறி பற்றியும் கேட்பீர்கள். மெத்தில் யூஜினால் என்ற வாசனைப்பொருள் டார்சாலிஸ், கரெக்டா இரண்டின் ஆண் ஈக்களையும் இழுக்கும். இதைக் கண்டுபிடித்த கதை நம் நாட்டில்தான் நடந்தது. பீகாரின் பூசாவில் வேலை பார்த்த ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர், சிட்ரோனெல்லா என்ற வாசனைப்புல் எண்ணெயைத் தேடி ஆண் பழ ஈக்கள் வருவதை 1912-இல் எழுதினார். பிறகு இழுக்கும் பொருள் மெத்தில் யூஜினால் என்று பிரித்துக் காட்டினார். துளசியிலும் அது இருக்கிறது. துளசி இலையை நசுக்கி ஒரு கொட்டாங்கச்சியில் வைத்துப் பாருங்கள், ஆனி மாதமானால் கொஞ்ச நேரத்தில் ஆண் ஈக்கள் வந்து நக்கும். தோட்டத்துக்கு ஏக்கருக்குப் பத்துப் பொறி என்பது வழக்கம். வாங்கும் முன் சேலம் மாவட்டத்துச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அதில் விழுவது ஆண் ஈ மட்டுமே. பொறி நிறைந்திருந்தால் பழம் தப்பித்தது என்று பொருளில்லை. ஊரே சேர்ந்து வைத்தால்தான் ஆண் இல்லாமல் பெண் மலடாகும். உங்கள் ஒரு மரத்துக்கு ஒரு பொறி வைத்தால், அது ஈ எப்போது வருகிறது என்று சொல்லும் காலண்டர். அந்த அளவில் அதற்கு மதிப்பு உண்டு.

மேலும் கீழும் ஒவ்வொரு பொறி கட்டி, வாரம் ஒருமுறை எண்ணி, சித்தியும் நீங்களும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மழை பெய்த நாளையும், எந்த மரம் பழுக்கத் தொடங்கியது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஆடிக் காற்று பலமாக வீசும் வாரத்தில் எண்ணிக்கை சட்டென்று விழும். ஈ பறக்கவில்லை என்பதுதான் காரணம், ஏமாந்துவிடாதீர்கள்.

அதற்கு முன் சித்தியிடம் ஒன்று கேட்டு எனக்கு எழுதுங்கள்: பங்குனியில் அவர் தோட்டத்திலோ வேலிக்கு அப்பாலோ பழுத்து உதிர்கிற மரம் எது? கொய்யாவுக்குப் போகும் ஈ முதலில் அந்த மரத்தடியில்தான் பிறக்கிறது.